42 எம்பி காலி, ஆனால் 4 எம்பி இல்லை: ஜவ்வரிசி மில் கேமராவும் கெர்னல் மெமரியும்

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு போன். "தம்பி, மிசின் ஓடுது. ஆனா எதையும் தள்ள மாட்டேங்குது. கருப்பும் வெள்ளையும் ஒண்ணாவே விழுகுது." ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஜவ்வரிசி மில் வைத்திருக்கும் அண்ணன். திங்கட்கிழமைதான் அவருடைய பெல்ட்டின் மேல் கேமராவைப் பொருத்திவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பெருமையாகத் திரும்பியிருந்தேன். பெருமை மூன்று ராத்திரிதான் தாங்கியது.

எந்திரம் சிக்கலானதல்ல. வறுத்துக் காயவைத்த ஜவ்வரிசி அரை மீட்டர் அகல பெல்ட்டில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வரும். மேலே ஒரு லைன் ஸ்கேன் கேமரா, அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரியாகப் படமெடுப்பது. ஒரு வரிக்கு 2048 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக வரிக்கு 6144 பைட். நொடிக்கு 2000 வரி. கிழங்குத் தொலி ஒட்டிக் கருத்த மணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு மீட்டர் தள்ளி இருந்து அதை ஊதித் தள்ளும் காற்றுக் குழாய்களுக்குச் சொல்ல வேண்டும். மணி அங்கே போய்ச் சேர நான்கு நொடி ஆகும், அதனால் யோசிக்க நேரம் தாராளம். மூளை ஒரு ஜிங்க் 7020 போர்டு: இரண்டு ஏஆர்எம் ஏ9 கோர், பக்கத்தில் எஃப்பிஜிஏ (நமக்கு வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் பகுதி), 512 எம்பி மெமரி. எஃப்பிஜிஏ படத்தை நேராக மெமரியில் எழுதும், லினக்ஸில் ஓடும் என் புரோகிராம் அதைப் படிக்கும். நடுவில், லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள் ஓடி இரண்டையும் இணைக்கும், நான் எழுதிய டிரைவர்.

எஃப்பிஜிஏ பக்கத்தை எழுதிக் கொடுத்த தம்பி இப்போது பெங்களூரில். அவன் வைத்தது மூன்று முகவரி ரெஜிஸ்டர். ஒவ்வொன்றிலும் ஒரு பஃபரின் (படம் வந்து விழும் மெமரி இடம்) தொடக்க முகவரியைப் போட்டால், அங்கிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போகும். துண்டு துண்டாக இருக்கும் மெமரியைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் தாண்டித் தாண்டி எழுதும் வசதி, அதாவது ஸ்கேட்டர்-கேதர், கிடையாது. "அப்புறம் பாத்துக்கலாம்ணா" என்று அன்று சொன்னான். நானும் தலையாட்டினேன். இந்தப் பதிவு முழுக்க அந்தத் தலையாட்டலின் விலைதான்.

மில்லுக்குப் போனதும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப் போயிடுமா தம்பி?" என்றார் அண்ணன். போயிருக்கும். ஆனால் தடயமும் போயிருக்கும். லேப்டாப்பைச் சொருகி கெர்னல் லாகைப் பார்த்தேன். ஆறு மணி ஷிஃப்டுக்கு சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்போது டிரைவர் ஏறவில்லை: "பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர்:10". என் சோம்பேறித்தனத்தில், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் டிரைவர் மாட்யூலையே கழற்றித் திரும்ப மாட்டும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். போர்டு யுபிஎஸ்ஸில் இருப்பதால் திங்கள் முதல் அணையவே இல்லை.

முதல் வடிவத்தில் பஃபரை கே-மேலாக் மூலம், அதாவது ஒட்டினாற்போல் மெமரி தரும் கெர்னல் அழைப்பின் மூலம், வாங்கியிருந்தேன். அதன் உச்சம் இந்த கெர்னலில் 4 எம்பி. அதற்குள் அடங்க, ஒரு பட்டைக்கு 640 வரி என்று வைத்தேன்: 3.75 எம்பி. மூன்று பட்டை. அஸ்தம்பட்டி வீட்டு மேசையில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தபோதும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஏன் தவறும்? ஒவ்வொரு தடவையும் போர்டு ஏறி ஒரு நிமிடத்துக்குள் டிரைவரை ஏற்றினேன். மெமரி அப்போது கழுவிவிட்ட களம்.

ப்ராக் அடைவில் பட்டிஇன்ஃபோ என்று ஒரு கோப்பு இருக்கிறது. இந்த வேலையில் நான் அதிகம் திறந்து பார்த்தது அதைத்தான். கெர்னல் காலி மெமரியை 4 கேபி பக்கங்களாக, அவற்றை இரண்டிரண்டாக, நான்கு நான்காக, எட்டெட்டாகச் சேர்த்து வைத்திருக்கும். ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், ஆர்டர் 10 என்றால் ஒட்டியபடி 1024 பக்கம், அதாவது 4 எம்பி. பக்கத்துப் பக்கத்துத் துண்டு இரண்டும் காலியானால் ஒட்டிக்கொள்ளும், சின்னதாகக் கேட்டால் பெரியது உடையும். பட்டி (ஆங்கில buddy, கூட்டாளி) முறை என்று பெயர், நோல்டன் 1965-இல் எழுதி வைத்தது. அன்று காலை அந்தக் கோப்பில் இருந்த வரி:

412 386 290 175 96 51 22 9 3 1 0

இடமிருந்து ஆர்டர் 0 முதல் 10 வரை. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 10752 பக்கம், சரியாக 42 எம்பி காலி. ஆனால் கடைசி இடத்தில் சுழி. 42 எம்பி கையில் இருக்க, ஒட்டினாற்போல் 4 எம்பி ஒன்றுகூட இல்லை.

"மெமரி பத்தலையா? பெருசா வாங்கிடலாமா?" என்று பின்னால் நின்று கேட்டார் அண்ணன். பத்தாமல் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது ஜன்னலுக்கு வெளியே அவருடைய களம் தெரிந்தது. பாதிக் களத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாக ஜவ்வரிசி காய்கிறது. நடுவில் நிறைய சிமென்ட் தரை தெரிகிறது. "இப்ப ஒரு பெரிய லோடு வந்தா ஒரே பரப்பா விரிக்க முடியுமாண்ணா?" என்றேன். எட்டிப் பார்த்தார். "இடம் கெடக்குது. ஒருசேர இல்லியே. இதுகள எல்லாம் அள்ளி ஒதுக்கணும்" என்றார். என் டிரைவர் கேட்பதும் அதுதான் என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அள்ளி ஒதுக்கும் வேலையை கெர்னலும் செய்யும். காம்பாக்‌ஷன் என்று 2010-இல் வந்த 2.6.35-இலிருந்து உள்ளே இருக்கிறது. நகர்த்தக்கூடிய பக்கங்களை ஒரு ஓரத்துக்குத் தள்ளி மறு ஓரத்தில் பெரிய இடம் உண்டாக்கும். கையால் அதைத் தூண்டிப் பார்த்தேன். ஆர்டர் 9 இரண்டு கூடியது, ஆர்டர் 10 அசையவில்லை. நகராத ஏதோ எல்லா இடத்திலும் தூவிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

கெர்னல் தன் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்த மெமரியைக் காட்டும் ஸ்லாப்டாப் பார்த்ததும் பிடிபட்டது: ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையின் ஐநோடு கேஷும் டென்ட்ரி கேஷும் வீங்கிக் கிடந்தன. கருப்பு மணி கண்ட ஒவ்வொரு முறையும் அதன் சின்னப் படம் ஒன்றை எஸ்டி கார்டில் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்க வைத்தவனும் நானே. "பின்னாடி பார்க்க உதவும்" என்று வைத்தது. மூன்று நாளில் பல்லாயிரம் கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் கெர்னல் உள்ளே ஒரு சின்ன நினைவுக் குறிப்பை வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைத் தேவைப்பட்டால் தூக்கி எறியலாம், ஆனால் இருக்கும் இடத்திலிருந்து நகர்த்த முடியாது. அதுதான் களமெங்கும் சிதறிக் கிடந்த திட்டு. டிராப்கேஷஸில் 2 போட்டு அவற்றை உதறிவிட்டு, திரும்பக் காம்பாக்ட் செய்ததும் கடைசி நிரலில் 5 வந்தது. டிரைவர் ஏறியது, காற்று சீறியது, கருப்பு மணி ஒன்று தனியே போய் விழுந்தது.

இதையே கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போட்டு ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஓடவிட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நாளைக்கு வேறு ஏதாவது நகராத பொருள் வந்து உட்காரும், மறுபடி ஆறே முக்காலுக்கு போன் வரும். அப்போதைக்கு ஷிஃப்டுக்கு ஒரு ரீபூட் என்று ஸ்கிரிப்டை மாற்றிவிட்டு, இன்னொரு போர்டுடன் வீட்டுக்கு வந்தேன்.

வரும்போதே முடிவு செய்தது, பஃபரையும் பெரிதாக்குவது. எஸ்டி கார்டு எழுதும்போது அவ்வப்போது அரை நொடிக்கு மேல் திக்கித்து நிற்கிறது. 640 வரி என்பது 0.32 நொடி. மூன்று பஃபர் சேர்ந்தும் ஒரு நொடிகூட இல்லை. ரெஜிஸ்டர் மூன்றுதான் என்பதால் எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லை, அளவைத்தான் கூட்ட வேண்டும். 2048 வரி என்று வைத்தால் 12 எம்பி. கே-மேலாக் கதை அத்தோடு முடிந்தது.

பெரிதாக மெமரி வாங்க வி-மேலாக் என்று இன்னொரு கெர்னல் அழைப்பு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரே வரி: அது கோர்க்குத் தெரியும் முகவரியில்தான் ஒருசேர இருக்கும், எஃப்பிஜிஏ பார்ப்பது நிஜ முகவரியை. நடுவில் மொழிபெயர்க்க ஐஓஎம்எம்யூ வேண்டும். ஜிங்க் 7000 வரிசையில் அது இல்லை.

பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. பூட் வரியில் மெமரி 448 எம்பிதான் என்று கெர்னலிடம் பொய் சொல்லிவிட்டு, மீதி 64 எம்பியை டிரைவர் தானே எடுத்துக்கொள்வது. வேலை செய்யும். ஆனால் அந்த இடத்தை யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கு முழுக்க நம் தலையில். அடுத்த ஆள் வந்து தொட்டால் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்னொரு எந்திரத்தில் நானே செய்தேன். எந்த முகவரியிலிருந்து என்பதை எழுதி வைத்த நோட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரியான வாசல் சிஎம்ஏ, அதாவது கன்டிகுவஸ் மெமரி அலொகேட்டர். 2012 ஜூலையில் வந்த 3.5 கெர்னலில் நுழைந்தது. போன்களில் கேமராவுக்கும் வீடியோவுக்கும் இதே தலைவலி இருந்ததால் சாம்சங் பொறியாளர்கள் எழுதியது. களத்தை வைத்தே சொல்கிறேன். கிழக்குப் பாதியைப் பெரிய லோடுக்கென்று காலையிலேயே குறித்துவிடுகிறோம். லோடு வரும்வரை மிளகாயோ புளியோ யார் வேண்டுமானாலும் அங்கே காயப்போடலாம், ஒரே நிபந்தனை: அள்ளி நகர்த்தக்கூடியதை மட்டும். லோடு வந்ததும் அவற்றை அள்ளி மேற்கே போட்டுவிட்டு ஒரே பரப்பாக விரிக்கலாம். கெர்னல் அந்த எல்லைக்குள் நகர்த்தக்கூடிய பக்கங்களை மட்டுமே விடும், டிரைவர் கேட்டதும் அவற்றை இடம் மாற்றிவிட்டுக் கொடுக்கும்.

ஏஆர்எம்மில் தானாக ஒதுக்குவது 16 எம்பிதான். பூட் வரியில் சிஎம்ஏ 64எம் என்று போட்டேன். டிஎம்ஏ (கோர் தலையிடாமல் சாதனமே மெமரியைத் தொடுவது) ஏபிஐ வழியாக, டிஎம்ஏ-அலாக்-கோஹிரென்ட் அழைத்து, 12 எம்பி மூன்று தடவை. மூன்றும் வந்தன. மேம்இன்ஃபோவில் சிஎம்ஏஃப்ரீ 28 எம்பிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. மேசையில் கொண்டாடாமல், இந்த முறை மில்லைப் போலவே சோதித்தேன்: ஒரு பக்கம் ஸ்கிரிப்ட் சின்னச் சின்னக் கோப்பாக எழுதித் தள்ளுகிறது, மறு பக்கம் டிரைவரைக் கழற்றி மாட்டுகிறது, இருநூறு தடவை. அறுபத்து மூன்றாவது தடவையில் கெர்னல் சொன்னது: "சிஎம்ஏ அலாக் ஃபெயில்டு, ரெக்-சைஸ்: 3072 பேஜஸ், ரெட்: -16".

-12 என்றால் இடமில்லை. -16 என்றால் இடம் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர் எழ மறுக்கிறார். களத்தின் கிழக்குப் பாதியில் அச்சு முறிந்த லாரி ஒன்று நின்றால் எப்படியோ அப்படி. நகர்த்தக்கூடியது என்று நம்பி உள்ளே விட்ட ஒரு பக்கத்தை அந்த நேரத்தில் வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். என் விஷயத்தில் அது கோப்பு எழுதும் பக்கம், ஈஎக்ஸ்டி4 ஜர்னல் இன்னும் எழுதி முடிக்காமல் கையில் வைத்திருந்தது. சிறிது கழித்து விட்டுவிடும். ஆனால் ஆறு மணி ஷிஃப்டு அந்தச் "சிறிது" வரை காத்திருக்காது.

கோபத்தில் எதிர்ப்பக்கம் போனேன். யாரும் காயப்போட வேண்டாம், இடமே தனி. போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்டு-மெமரி என்ற பகுதியில் ஷேர்டு-டிஎம்ஏ-பூல் என்று 40 எம்பி ஒதுக்கி, என் சாதனத்தின் மெமரி-ரீஜன் அதைச் சுட்டும்படி எழுதினேன். 36 போதும், 4 உபரி. முதல் பூட்டில் கெர்னல் "ரீஜன்ஸ் வித்அவுட் நோ-மேப் ஆர் நாட் எட் சப்போர்ட்டட்" என்று மறுத்தது. 32 பிட் ஏஆர்எம்மில் மீள்பயன் (ரீயூசபிள்) இல்லாத பூலுக்கு நோ-மேப், அதாவது கெர்னலின் வழக்கமான வரைபடத்தில் சேர்க்காதே என்ற குறி, கட்டாயம். சேர்த்தேன். பூல் வந்தது. முதல் பஃபர் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது வரவில்லை.

இதற்கு ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று. 40-இல் 24 போனால் 16 மீதி, 12 கேட்டால் கொடுக்க என்ன கேடு? கடைசியில் கெர்னல் மூலத்தைத் திறந்து படித்தபோதுதான் தெரிந்தது. இந்தத் தனிப் பூல், கேட்ட அளவை அடுத்த இரண்டின் அடுக்குக்கு ஏற்றித்தான் கொடுக்கும். 12 கேட்டால் 16 பிடிக்கும். இரண்டுக்கு 32 போக மீதி 8. 12-க்கு 16 தேவை, இல்லை. சிஎம்ஏயில் இந்தக் கூத்து கிடையாது, 3072 பக்கம் கேட்டால் 3072 மட்டும் எடுக்கும். 48 எம்பி ஆக்கினேன், மூன்றும் வந்தன. எப்படியும் 16 போகிறது என்று பட்டையை 2560 வரி ஆக்கினேன்: சரியாக 15 எம்பி, 1.28 நொடி.

அடுத்த நாள் படம் பார்க்கும் புரோகிராமை இணைத்தேன். முதல் பட்டையை முடிப்பதற்குள் இரண்டாவது பட்டை வந்து நின்றது. ஒரு பட்டையைப் படித்து முடிக்கவே 1.28 நொடிக்கு மேல் ஆகிறது, கருப்பு வெள்ளை பார்ப்பது அதற்கப்புறம். கே-மேலாக் காலத்தில் இதே புரோகிராம் சொடக்குப் போடும் நேரத்தில் முடித்ததே?

கோஹிரென்ட் என்ற சொல்லில்தான் விஷயம். எஃப்பிஜிஏ எழுதுவதை கோர் உடனே பார்க்க வேண்டும் என்பதற்காக, இந்த வகை மெமரியை ஏஆர்எம் கேஷ் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) இல்லாமல் வரைபடமிடுகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் கோர் டிடிஆர், அதாவது வெளியே இருக்கும் முதன்மை மெமரி, வரை நடந்து போய்வர வேண்டும். டிஎம்ஏ கட்டளைகள் வைக்கும் சின்ன இடத்துக்கு அது சரி. 15 எம்பி படத்தைப் புள்ளி புள்ளியாகத் துழாவ அது சரிப்படாது. எஃப்பிஜிஏவை ஏசிபி வாசல் வழியாக இணைத்திருந்தால் கேஷோடு சேர்ந்தே எழுதியிருக்கும், ஆனால் பெங்களூர்த் தம்பி சாதாரண எச்பி வாசலில் கட்டிவிட்டான். எஃப்பிஜிஏவில் ஏற்றும் பிட்ஸ்ட்ரீமைத் தொட வேண்டாம் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஆகத் திரும்ப சிஎம்ஏ, இந்த முறை மூன்று மாற்றத்துடன். ஒன்று, பொதுக் களம் வேண்டாம், என் சாதனத்துக்கென்றே 48 எம்பி. அதே டிவைஸ் ட்ரீ பகுதிதான், நோ-மேப்பை எடுத்துவிட்டு ரீயூசபிள் என்று போட்டால் அது சிஎம்ஏ ஆகிவிடும். இரண்டு, கோஹிரென்ட்டுக்குப் பதில் 5.10-இலிருந்து இருக்கும் டிஎம்ஏ-அலாக்-பேஜஸ். அது கேஷ் உள்ள சாதாரணப் பக்கங்களாகத் தரும். மூன்றாவதுதான் மருந்து: டிரைவரை கெர்னலுக்குள்ளேயே கட்டி, பூட் ஆகும்போதே மூன்று பஃபரையும் எடுத்துக்கொண்டு அணையும்வரை விடுவதே இல்லை. சர்வீஸ் எத்தனை தடவை ரீஸ்டார்ட் ஆனாலும் டிவைஸ் கோப்பைத் திறந்து மூடுவதோடு சரி. எப்போதும் பிடித்தே வைத்திருந்தால் ரீயூசபிள் எதற்கு என்று நீங்கள் கேட்பது சரிதான். கேஷுக்காக மட்டும்.

ஞாயிறு மதியம் மில்லில் மாட்டினேன். வேகம் பிரமாதம். பத்து நிமிடத்தில் அண்ணன், "தம்பி, நல்ல மணிய தள்ளுது பாருங்க" என்றார். ஒதுக்குத் தொட்டியில் பளிச்சென்று வெள்ளை ஜவ்வரிசி.

ஒரு பட்டையைப் படமாகச் சேமித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை மணியின் குறுக்கே சின்னச் சின்னக் கிடைக்கோடு, கருப்பாக, ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு புள்ளி நீளம். இன்னும் பெரிதாக்கி எண்ணினால் பத்தே முக்கால் மாதிரி ஒரு நீளம் திரும்பத் திரும்ப வருகிறது. புள்ளிக்கு 3 பைட், 10.67 புள்ளி என்றால் 32 பைட். ஏ9-இன் கேஷ் வரி, அதாவது கேஷ் ஒரு தடவைக்கு எடுக்கும் துண்டு, 32 பைட். போன சுற்றில் அதே இடத்தில் இருந்த கருப்பு மணியின் மிச்சம் கேஷில் தங்கி, புதுப் படத்தின் நடுவில் ஆவியாக வந்து நிற்கிறது. கேஷ் உள்ள மெமரியை வாங்கியவன், படிக்கும் முன் டிஎம்ஏ-சிங்க்-சிங்கிள்-ஃபார்-சிபியு அழைக்க வேண்டும், திருப்பி எஃப்பிஜிஏவிடம் கொடுக்கும்போது ஃபார்-டிவைஸ். இரண்டாவதை எழுதியிருந்தேன். முதலாவது வரியை முந்தின நாள் வேகம் அளக்க கமென்ட் போட்டு முடக்கி, மறந்திருந்தேன். இரண்டு சாய்கோடு. அழித்து, கெர்னலைக் கட்டி, ஏற்றினேன். ஆவி போனது. தள்ளப்பட்ட நல்ல ஜவ்வரிசியை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். அன்றைக்குப் பாயசம்.

புதிதாகச் செய்பவர் கேட்டால், ஹார்டுவேரையே இன்னும் வரையவில்லை என்றால் ஸ்கேட்டர்-கேதர் வையுங்கள் என்பேன், இந்த வேலையில் பாதி தேவையே இராது. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எழுதும் இன்று எந்திரம் பத்தொன்பதாவது நாளாக அணையாமல் ஓடுகிறது. ஷிஃப்டு ஆரம்பத்தில் பட்டிஇன்ஃபோ வரியை ஒரு கோப்பில் சேர்த்து எழுத வைத்திருக்கிறேன். ஒரே கோப்பில்தான். இன்று காலை வரியில் கடைசி நிரல் மறுபடி சுழி. என் 45 எம்பி பூட் ஆன அன்று எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. அடுத்த வேலை ஏழாம் நம்பர் காற்றுக் குழாய்: வால்வு ஒட்டிக்கொள்கிறது, அதற்குக் கெர்னலில் மருந்து இல்லை, ஸ்பேனர் எடுத்துப் போக வேண்டும்.